காணியுறுதி காட்டும் ஊர்: காரைநகரின் நிலமுங் குடியும்

விழா மலர்களில் ஊர்வரலாறு எழுதப்புகுவோர் கோயிலிலே தொடங்கிப் பெரியார்களிலே முடிப்பது வழக்கம். அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயினும் ஓர் ஊரின் வரலாற்றிற் பெரும்பகுதி அவ்வூர் வீடுகளிலே தகரப்பெட்டிக்குள் மடித்துவைக்கப்பட்டுக் கிடக்கின்றது. அதுவே காணியுறுதி. எவர் எவருக்கு மகட்கொடை நேர்ந்தார், எவர் கடன்பட்டார், எவர் வெளியூர் சென்று பொருளீட்டினார், எந்தக் கிணற்றில் எவருக்குத் தண்ணீர் என்பனவெல்லாம் அதிலே உள. தமிழ் படிப்பிக்கும் யாம் அதனையும் ஒரு பாடநூலாகக் கொண்டு வாசிக்கலாமென்றே எண்ணுகின்றோம். ஆகவே காரைநகரை எடுத்துக்கொண்டு, அங்கே நிலம் எவ்வாறு கைமாறுகின்றது, குடிசனம் எவ்வாறு குறைந்தது, இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு யாது என்பனவற்றை ஈண்டு நோக்குவாம்.

காரைநகர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்கே உள்ள சிறிய தீவு. பொன்னாலைப் பாலம் அதனை வலிகாமத்தோடு இணைக்கின்றது. முன்னர்க் காரைதீவு என வழங்கிய இவ்வூர், கிழக்கிலங்கையிலும் அப்பெயருடைய ஊர் உண்மையால் மயக்கம் நேராவண்ணம் 1923 இற் காரைநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் சிவன்கோயிலையும், கசூரினாக் கடற்கரையையும் பிறவூரார் அறிவர். ஊரவர் அறிவதோ களபூமி, வலந்தலை, தங்கோடை, கோவளம், பாலக்காடு, இடைப்பிட்டி, வேரப்பிட்டி, கருங்காலி என்னுங் குறிச்சிகளை. இப்பெயர்களை ஊன்றி நோக்குமின். ஓடை என்பது நீர் வழிந்தோடும் பள்ளம். பிட்டி என்பது மேடு. மாரி வெள்ளம் எங்கே நிற்கும், எங்கே வடியும் என்பதனை முன்னோர் பெயரிலேயே வைத்துப் போயினர். வீடு கட்டக் காணி தேடுவோன் இத்தமிழறிவு இன்றித் திரிவானாயின் மார்கழி மாதத்தில் முற்றத்திலே வள்ளம் விட நேரும்.

உறுதியிலே காணிக்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, நான்கெல்லை உண்டு. பெயர்களிற் பல ஒல்லாந்தர் காலத்துத் தோம்பேடுகளிலே பதியப்பட்டு இன்றளவும் வழங்குவன. அளவு பரப்பு எனப்படும். பழைய உறுதிகள் இலாச்சம் என்னும். பதினெட்டுக் குழி கொண்டது ஒரு பரப்பு. பரப்பொன்று 10 பேர்ச்சஸ் ஆதலின் 16 பரப்புச் சேர்ந்து ஓர் ஏக்கராகும். நான்கெல்லையோ பெரும்பாலும் மனிதரின் பெயராலே சொல்லப்படும். கிழக்கே இன்னாருக்கும் உரித்தாளருக்கும் உரிய காணி, வடக்கே ஒழுங்கை என்றவாறு அது செல்லும். அவ்வின்னார் இறந்து எழுபது ஆண்டு கழிந்திருக்கும். உரித்தாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பர். எல்லையிலே நிற்பது பூவரசங் கதியால் மாத்திரமே. ஆளில்லாத வேலியிற் கதியாலுக்குக் கால் முளைப்பதனை யாம் சொல்லவேண்டுவதில்லை.

இனி, நிலம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் வழியை நோக்குவாம். யாழ்ப்பாணத்தாரின் பழைய வழக்கங்களை ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்சு என்பார் 1706 ஆம் ஆண்டு தொடங்கி எழுதித் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806 இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். அதன்படி ஆதனம் மூவகைப்படும்: பெற்றோர்வழி வந்தது முதுசம், மகளுக்கு மணத்தின்போது கொடுப்பது சீதனம், கணவனும் மனைவியும் கூடியிருந்து ஈட்டியது தேடியதேட்டம். பழைய வழக்கிலே முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. சீதனம் பெற்றுச் சென்ற மகள் எஞ்சிய ஆதனத்தில் உரித்துக் கேட்டற்கில்லை. பின்னர் 1911 ஆம் ஆண்டின் முதலாஞ் சட்டம் இம்முறையை மாற்றி, உறுதி எழுதாது இறந்தாரின் ஆதனம் ஆண் பெண் இருபாலாருக்கும் செல்ல வழிவகுத்தது. நீதி நோக்கில் அது நன்றே. ஆயினும் அன்று தொட்டு ஒவ்வொரு துண்டிற்கும் உரித்தாளர் தொகை பெருகலாயிற்று என்பதனையும் மறத்தற்கில்லை.

காரைநகரிற் காணியின் விலை அதன் விளைவைப் பின்பற்றி ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. மானாவாரி வயல்; மழை பொய்த்தால் வைக்கோலும் மிஞ்சாது. உவர்நீர் புகுந்த கிணறுகள் பல. பனையோ தன்பாட்டில் நிற்பது. இத்தகைய நிலத்திற்கு நெல்லைக் கொண்டு விலை மதித்தால் மிகச் சொற்பமே தேறும். ஆயினும் ஊரவர் ஒரு பரப்புக்கு ஒருவரோடொருவர் போட்டியிட்டு வாங்கினர். காரணம் சீதனம். மகள் மூவரைப் பெற்றவன் மூன்று வளவு தேடவேண்டும். அவ்வளவும் கோயிலுக்கும் தன் வீட்டிற்கும் அண்மையில், நல்ல தண்ணீர்க் கிணற்றோடு அமையவேண்டும். மருமகன் அவ்வளவுக்கே குடிவருவான். ஆகவே விலையைத் தீர்மானித்தது விளைச்சலன்று. ஊரிலே மணப்பருவமெய்திய பெண்கள் எத்துணையர் என்பதே. பொருளியல் நூலார் இதனை எவ்வாறு கூறுவரோ அறியோம், தரகர் நன்கறிவர்.

அதற்குரிய பணம் எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து வந்தது. காரைநகரார் வாணிகத்திற் பெயர்பெற்றவர். கொழும்பிலும் தென்னிலங்கையின் பட்டினங்கள் பலவற்றிலும் அவர்தம் கடைகள் இருந்தன. பிள்ளைகள் படித்து முடித்ததும் மாமன் கடைக்கோ சிறியதந்தை கடைக்கோ சென்று, கணக்கெழுதப் பழகி, பின் தாமே கடைவைத்தல் அக்கால வழமை. நம் பழைய மாணவருள்ளும் அவ்வாறு வளர்ந்தோர் பலர். அங்கே ஈட்டிய பொருள் இங்கே கல்வீடாகவும், மதிலாகவும், கிணறாகவும், கோயிற்றிருப்பணியாகவும் நின்றது. ஊரிலே தொழிலில்லை; ஆயினும் ஊரிலே காணிவிலை ஏறியது. ஆடவர் வெளியூரிலிருக்க, பெண்டிரும் முதியோரும் பிள்ளைகளும் ஊரிலிருந்தனர். அந்நாளிற் காரைநகரின் குடிசனம் வெளியூர்க் கடைகளை நம்பி வாழ்ந்த குடிசனமாம். ஆதலாலேதான் 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் கலவரங்களிலே கடை எரிந்தபோது ஊரின் வேரே சுட்டது.

காணி பிறவூரார் கைக்குச் செல்லாதவாறு காத்த வழக்கம் ஒன்றும் உண்டு. பங்கை விற்க விரும்புவோன் முதலிற் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் கூறுதல் வேண்டும். அவர் மறுத்தாலன்றிப் பிறர் வாங்குதல் கூடாது. பழைய தேசவழமையில் அயற்காணிக்காரருக்கும் ஒருசார் இவ்வுரித்து இருந்தது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் இதனைப் பங்காளருக்கும், விற்போன் இறந்தால் உரித்தாளராவோருக்கும் மட்டுமே உரியதாகச் சுருக்கிற்று. இவ்வழக்கம் உறவைக் காத்தது; விலையையும் அடக்கிற்று. கேட்பவர் நால்வரே, அந்நால்வரும் மைத்துனர்மாரே என்றால் விலை எங்ஙனம் ஏறும்? காசு அவசரமாயின் விற்காமல் ஒற்றிவைத்தனர். வட்டிக்கு ஈடாகக் காணியை ஆளவிட்டு முதலைக் கொடுத்து மீட்பது ஒற்றி. மீளாத ஒற்றிகளாற் பகைத்த குடும்பங்கள் எத்தனையோ!

இனி ஒரு சிறு கணக்கு. மாணவர் பென்சில் எடுத்துக்கொள்க. ஒருவருக்கு நான்கு பரப்பு வளவு உண்டு. அஃதாவது 72 குழி. அவர் உறுதி எழுதாது இறந்தார். பிள்ளைகள் நால்வர், ஆளுக்கு 18 குழி. அந்நால்வருக்கும் நந்நான்கு பிள்ளைகள். பேரர் பதினாறு பேர், ஆளுக்கு நாலரைக் குழி. அப்பதினாறு பேருக்கும் மும்மூன்று பிள்ளைகள். நாற்பத்தெட்டுப் பேர், ஆளுக்கு ஒன்றரைக் குழி. குழியொன்று ஏறக்குறைய 151 சதுர அடியாதலின் ஒன்றரைக் குழி 227 சதுர அடி. பதினைந்தடிச் சதுரமான ஓர் அறை. நூறாண்டிலே ஒரு வளவு நாற்பத்தெட்டு அறையாயிற்று. ஆயினும் சுவர் ஒன்றேனும் எழவில்லை. எல்லாம் பிரியாத பங்கு. எந்த மூலை எவருடையது என எவராலும் காட்டமுடியாது. நாற்பத்தெட்டுப் பேரும் ஒப்பமிட்டாலன்றி முழு வளவை விற்றல் இயலாது. அவருட் பெண்கள் எத்துணையரோ அத்துணைக் கணவரையும் சேர்த்தெண்ணுக. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றுதற்குக் கணவனின் எழுத்து ஒப்புதலையும் வேண்டிற்று.

கிணற்றின் கணக்கு இதனினும் நுண்ணியது. காரைநகரைப் போன்ற தீவிலே நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். மழைநீரே அதன் முதல். அளவறிந்து இறைத்தால் நன்னீர்; மிகுதியாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். ஆகவே எல்லோரும் எல்லாவிடத்தும் கிணறு தோண்டவில்லை. நல்ல நீர் கண்ட இடத்திலே ஒரு கிணறு வெட்டி, அயலிலுள்ள காணிகளுக்கெல்லாம் அதிலே பங்கு வகுத்தனர். உறுதியின் ஈற்றிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்படுவது இதனாலேயே. எட்டிலொரு பங்கு என்பது நீரின் எட்டிலொரு பகுதியன்று; இறைக்கும் முறையைக் குறிப்பது. இன்ன நாள் இன்னார் முறை. அடுத்த நாள் அடுத்தவர் முறை. அம்முறையோடு கடமையும் உண்டு. சேறெடுத்தல், கட்டுத் திருத்தல், துலாவுக்கு மரம் போடுதல் எல்லாம் பங்கின்படி. காணி பிரியப் பிரியக் கிணற்றுப் பங்கும் எட்டிலொன்றாய், முப்பத்திரண்டிலொன்றாய், தொண்ணூற்றாறிலொன்றாய்த் தேய்ந்தது. தொண்ணூற்றாறிலொரு பங்குக்காரர் சேறெடுக்க வருவாரா? வரார். பங்குக்காரர் பலர் கடல்கடந்தபின் கிணறு எவருடைய பொறுப்புமாகாது பாழ்பட்டது. குப்பையும் கொட்டப்பட்டது. அருகே புதிதாக வீடு கட்டியவர் தமக்கெனத் தனிக்கிணறு தோண்டி மின்பொறி வைத்து இறைக்கின்றார், உவர் மேலேறுகின்றது. ஒரு குறிச்சியின் நன்னீர் கெட்டால் அக்குறிச்சியிற் காணிவிலையும் கெடும், குடியும் பெயரும். நெல்லுக்கும் விலைக்கும் தொடர்பில்லையென முன்னர்க் கூறினோம். தண்ணீருக்கும் விலைக்கும் உண்டு.

போர்க்காலத்தில் நிகழ்ந்ததனை விரித்தல் எமக்கு இயலாது. அறிந்தோரே இதனை வாசிப்பர். 1991 இல் ஊரே பெயர்ந்தது. பெயர்ந்தோரிற் பலர் வலிகாமத்திலே தங்கி, 1995 ஒக்டோபரில் மீண்டும் அங்கிருந்தும் பெயர்ந்தனர். பல ஆண்டு கழித்து ஒரு சாரார் திரும்பியபோது கூரையும் கதவும் இல்லாத சுவர்கள் வரவேற்றன. திரும்பாதோர் கொழும்பிலும், கனடாவிலும், இங்கிலாந்திலும், பிரான்சிலும் வேரூன்றினர். எண்களை நோக்குமின். இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் 1981 இல் ஏறக்குறைய 7,38,000 பேர் இருந்தனர். 1991 இலே கணக்கெடுப்பே நிகழவில்லை. 2001 இலும் இங்கு அது நிறைவுறவில்லை. 2012 இல் எண்ணியபோது ஏறக்குறைய 5,83,000 பேர். அவருள் ஆடவரினும் பெண்டிரே மிக்கிருந்தனர். தன் பெயராலேயே ஒரு பிரதேச செயலகப் பிரிவாக விளங்கும் காரைநகர் முழுவதும் சேர்ந்து அவ்வாண்டிற் பத்தாயிரத்தை எட்டவில்லை. கிளிநொச்சியையும் உள்ளிட்ட யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற்கு 2010 இல் ஒன்பது பாராளுமன்ற இடங்கள். 2015 இல் ஏழு. 2024 இல் ஆறு. குடிசனக் குறைவு என்பது புத்தகத்துச் சொல்லன்று.

இங்கேதான் எம் ஆராய்வின் முடிச்சு உள்ளது. ஊரிலே ஆள் குறைந்தால் நிலம் மலியவேண்டும் என்பது பொதுவறிவு. நாற்பது வீடு நின்ற குறிச்சியிற் பத்து வீடே விளக்கேற்றினால் எஞ்சிய முப்பது வளவும் விலைக்கு வருமன்றோ? வருவதில்லை. ஆள் குறையும் அதே வேகத்தில் உரித்தாளர் பெருகுகின்றனர். ஊரில் இருப்போர் பேரர். உரித்துடையோர் உலகெங்கும் பரந்த பூட்டப்பிள்ளைகள். வெற்றுக்காணி எங்கும் தெரிகின்றது. விற்குங் காணி எங்கும் இல்லை. உறுதி தெளிவாக உள்ள ஒரு சில காணிகளுக்கே கேள்வி. தெருவோரம், கோயிலடி, நன்னீர் என்னும் மூன்றும் பொருந்திய காணிக்கு வெளிநாட்டுப் பணமும் போட்டியிடுகின்றது. அண்டையிலே அதேயளவு நல்ல காணி, பங்கு பிரியாமையால், பற்றை மண்டிப் பாம்புக்கு இருப்பிடமாகின்றது. ஆகவே ஒரே ஒழுங்கையில் ஒரு காணி எட்டாத விலை; மற்றொன்று விலையே இல்லாதது.

இதனாற் பாதிக்கப்படுவோர் யார்? ஊரிலே உத்தியோகமோ மீன்பிடியோ கமமோ செய்து, இங்கேயே மணஞ்செய்து வாழ விரும்பும் இளையோர். இரண்டு பரப்பு வாங்கி வீடு கட்டுவோம் என அவர் தேடினால், வாங்கத்தக்கதன் விலை கைக்கெட்டாது; கைக்கெட்டும் காணிக்கு உறுதி சரிவராது. பங்குறுதிக்கு வங்கி கடன் கொடாது. ஈற்றில் அவர் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாண நகரின் அயலிலே வாடகைக்குப் போவர். பிள்ளையை அங்கேயே பள்ளியிற் சேர்ப்பர். தீவகத்திற் பிள்ளையின்றி மூடப்பட்ட சிறு பாடசாலைகள் உள. பள்ளிக்குப் பிள்ளை வரவில்லையெனக் கவலும் பழைய மாணவ அன்பர்கள், அப்பிள்ளையின் பெற்றோருக்கு வீட்டுக்காணி கிடைத்ததா என்றும் வினவுவாராயின் நன்று. கட்டடநிதிக்கு அவர் அனுப்பும் பொருளை யாம் நன்றியோடு பேசுகின்றோம். எனினும் வகுப்பறைக்கு வேண்டியது பிள்ளை. பிள்ளைக்கு வேண்டியது வளவு.

சட்டம் பற்றிச் சில கூறவேண்டும். பத்தாண்டு தடையின்றி ஆண்டவனுக்கு ஆட்சியுரித்து உண்டாகும் என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம். போரினாற் பெயர்ந்தவன் தன் காணியைப் பார்க்க முடியாதிருந்த காலத்தையும் அப்பத்தாண்டிற் சேர்த்தெண்ணுதல் அறமாகாது என்பதனால், 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தை அவ்வாறு இடர்ப்பட்டோருக்கு எதிராக எண்ணாது விட வழிசெய்தது. ஆனால் 2009 இன் பின் ஓடிய ஆண்டுகள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. இன்னொன்று: 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி பிறநாட்டுக் குடியுரிமையாளர் இலங்கையில் நிலம் வாங்குதற்குத் தடை உண்டு. வாரிசாக வருவதற்கும், இரட்டைக் குடியுரிமை பெற்றோருக்கும் விலக்கு உண்டு. இதன் பயனை நுணுகி நோக்குக. கனடாக் குடியுரிமை மட்டுமே உடைய பேரன் தன் பங்கைப் பெறலாம். மற்றப் பங்காளரின் பங்குகளை வாங்கி ஒன்றாக்க அவனால் இயலாது. சிதறியவற்றைச் சேர்க்கும் வல்லமை சட்டத்தால் உள்ளூரவனுக்கே வாய்த்தது. பொருளோ வெளியூரவனிடம் உள்ளது. ஒருவர்க்கு உள்ளது மற்றவர்க்கு இல்லை. இருவரும் பேசினாலன்றிக் காணி அசையாது.

உயர்தர வகுப்பிலே யாம் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. பெயர்களை மறைத்து உறுதிப் பிரதியொன்று கொண்டுவந்து, அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் எழுதி, எல்லைகளை வரைந்து காட்டுக என்போம். மாணவர் முதலிற் சலித்துக்கொள்வர். பின் பாட்டியிடம் ஓடுவர். தருமசாதனம் என்றால் என்ன, வடக்கெல்லையிலுள்ள பெயர் யாருடையது, இந்த ஒழுங்கை முன்னர் எங்கே போனது என்று கேட்பர். விடை சொல்லத்தக்க பாட்டிமார் ஆண்டுதோறும் குறைகின்றனர். நொத்தாரிசு எழுதுவார், அளவையாளர் அளப்பார், ஆனால் இதுதான் எல்லை என்று விரல் நீட்டிக் காட்டுதற்கு ஊரறிந்த ஒருவர் உயிரோடு இருத்தல் வேண்டும்.

ஆதலின் வெளியூர்வாழ் பழைய மாணவருக்கு எம் வேண்டுகோள் சிறியது. அடுத்தமுறை கோயிற்றிருவிழாவுக்கு வரும்போது உறுதிப் பிரதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருக. முதல்நாளிலேயே அயலாரையும் பங்காளரையும் கூட்டி, முதியவர் ஒருவரை முன்னிறுத்தி, எல்லையைப் பார்த்து, அளவையாளரைக் கொண்டு படம் எடுப்பிக்க. யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதனை ஒரு தாளில் வமிசமரமாக எழுதி, ஒவ்வொருவரின் இருப்பிடத்தையும் அதிற் குறிக்க. ஒன்றரைக் குழிப் பங்கு உமக்கு வேண்டாததாயின், ஊரிலே இருக்கும் பங்காளரில் ஒருவருக்கு அதனை எழுதிக்கொடுக்க. அட்டோணித்தத்துவம் கொடுப்பதாயின் யாருக்கு, எதற்கு, எத்துணைக் காலத்துக்கு என்பனவற்றை வரையறுத்துக் கொடுக்க. வரையறையின்றிக் கொடுத்த தத்துவங்களால் அண்ணனும் தம்பியும் நீதிமன்ற வாயிலில் நிற்பதனை யாம் கண்டுள்ளோம். பங்குக்காரர் பலருள்ள கிணறாயின், பங்கு பார்க்காது ஒருமுறை சேறெடுப்பித்துக் கட்டைத் திருத்துக. மாசி பங்குனியில் நீர்மட்டம் தாழத் தொடங்கும். சேறெடுப்போர் இறங்குதற்கு ஆனி ஆடியே ஏற்ற காலம்.